கெபி மெழுகு பூசிய படகு

படகுப் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் சூசை எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையால் நான் சுகம். இன்று காலைப் பூசையில் உங்களையும் சேர்த்தே நினைத்துக்கொண்டேன்.

ஓய்வு பெற்றபோது விட்டுப்போன என் பழைய கண்ணாடியை எடுக்கப் போன கிழமை பட்டறைக்கு வந்திருந்தேன். வாசல் நிலையின் உள்பக்கத்து ஆணியில் தொங்குகிற வெள்ளைத் துண்டைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றுவிட்டேன். இரண்டு உள்ளங்கை அகலம் இருக்கும் அது. பல வருடமாகத் தூசி படிந்து மங்கிக் கிடந்தது அன்றைக்குப் பளபளவென்று இருந்தது. யார் செய்த வேலை என்று கேட்டேன். உங்களில் ஒரு தங்கச்சி கொஞ்சம் பயந்து, "சும்மா தூசியாக் கிடந்துது ஐயா, பொலிஷ் போட்டுப் பழகிப் பாத்தனான்" என்றாள். கையில் வாங்கிப் பார்த்தேன். நல்ல வேலைதான். ஒரு கோடு, ஒரு மங்கல் இல்லை. அப்படியே சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தத் துண்டு மனதை விட்டுப் போகவில்லை. அது என்ன என்று உங்களில் ஒருவருக்கும் தெரியாது. முதலாளியின் முதல் படகில் வெட்டிய துண்டு என்றார் ஒருவர். வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுகிற மாதிரி என்றார் இன்னொருவர். இரண்டும் இல்லை. அது நான் செய்த வேலை. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இருபத்தாறு வருடம் இந்தத் தொழிலில் இருந்தேன். அத்தனை வருடத்திலும் நான் செய்த ஆகக் கெட்ட வேலை அதுதான்.

புதுப் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கோ என்று முதலாளி கேட்டபோது, எட்டாம் வகுப்புப் படித்தவன் என்னத்தை எழுதுவது என்று தள்ளிப்போட்டு வந்தேன். இப்போது எழுதுகிறேன்.

படகுக்குப் பொலிஷ் நல்லதா, மெழுகு நல்லதா என்று என்னிடம் கேட்காத ஆள் இந்தக் கரையில் இல்லை. உங்களிடமும் கேட்பார்கள். உடனே பதில் சொல்லாதீர்கள். படகின் பக்கவாட்டை உள்ளங்கையால் ஒரு முழ நீளத்துக்குத் தடவுங்கள். கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால் வெயில் படகின் மேல்தோலைத் தின்றிருக்கிறது என்று அர்த்தம். அங்கே பொலிஷ் வேண்டும். கை சுத்தமாக வந்தால் பொலிஷ் வேண்டாம், மெழுகு போதும். பொலிஷ் எடுக்கும். மெழுகு மூடும். எடுக்கிறவனுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். மூடுகிறவனுக்கு எதை மூடுகிறேன் என்று தெரிந்திருக்க வேண்டும்.

எடுக்கத் தெரியாதவர் ஒருவர் அரியாலைப் பக்கம் இருந்தார். களப்பில் நண்டு பிடிக்கிறவர். மாதத்துக்கு ஒரு தரம் பொலிஷ் போடுவார். கலியாணக் கார் மாதிரி இருக்கும் அவருடைய படகு. நாங்கள் சொல்லிச் சொல்லிப் பார்த்தோம். கேட்கவில்லை. மூன்றாம் வருடம் படகைக் கொண்டு வந்து, "உள்ளுக்கை ஏதோ பூச்சி பிடிச்சிருக்கு, கோடு கோடாத் தெரியுது" என்றார். பூச்சி இல்லை. மேல்தோல் முழுவதையும் அவரே தேய்த்து முடித்திருந்தார். தெரிந்தது உள்ளே இருக்கிற ஃபைபர் நூல். ஜெல்கோட் என்கிற அந்த மேல்தோல் நகத்தின் தடிப்புத்தான் என்பதை ஒருநாளும் மறக்க வேண்டாம்.

அவரைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன். மூடத் தெரியாதவன் ஒருவன் அந்தச் சிரிப்புக்குள் நிற்கிறான் என்று எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் ஊர் பருத்தித்துறைக்குப் பக்கத்துக் கடற்கரை. கோயிலுக்குக் கிழக்கே கடலைப் பார்த்தபடி, கல்லால் குகை மாதிரிக் கட்டின மாதா கெபி ஒன்று இருக்கிறது. கடலுக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு திரி கொளுத்தாமல் போவதில்லை. சனிக்கிழமைகளில் கெபியைத் துப்பரவு செய்வது என் வேலை. யாரும் தந்ததில்லை, நானாக எடுத்துக்கொண்டது. உருகி வழிந்து கல்லில் உறைந்த மெழுகைச் சுரண்டி எடுத்தால் கிழமைக்கு ஒரு சிரட்டை நிறையச் சேரும். அதை எறிய மனம் வரவில்லை. எத்தனை பேருடைய மன்றாட்டு எரிந்து முடிந்த மெழுகு அது.

ஒருநாள் அதைச் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்கி, கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து பார்த்தேன். வெண்ணெய் மாதிரி வந்தது. படகில் பூசித் துணியால் தேய்த்தால் நல்ல மினுக்கம். தண்ணீர் பட்டால் முத்து முத்தாக உருண்டு ஓடியது. பிறகென்ன, ஒருவரைப் பார்த்து ஒருவர் கேட்கத் தொடங்கினார்கள். கடையில் விற்கிற மெழுகு தகரப் பேணியில் சும்மா கிடக்கும். "சூசை, கெபி மெழுகு பூசி விடு" என்றுதான் கேட்பார்கள். எனக்கும் பெருமை. என் கையில் தொழிலும் இருக்கிறது, ஆசீர்வாதமும் இருக்கிறது என்று நினைத்தேன். பங்குச் சுவாமி ஒருநாள் என் மெழுகுப் பேணியை வாங்கி மணந்து பார்த்துவிட்டு, "மண்ணெண்ணெயும் மன்றாட்டும்" என்று சிரித்தார்.

சவிரி அண்ணை என்று ஒருவர் இருந்தார். சவிரிமுத்து. பதினெட்டடி ஃபைபர் படகு ஒன்று வைத்துத் தொழில் செய்தவர். நல்ல தேகம், குறைந்த பேச்சு. அவருடைய ஒரே மகளுக்குப் பிள்ளைப்பேறு கடினமாகிவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைப்பது நிச்சயமில்லை என்று ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அன்றைக்குக் கெபிக்கு வந்து முழங்காலில் நின்று ஒரு நேர்த்தி வைத்தார். இரண்டு பேரையும் தந்தால், வருகிற திருநாளில் மாதாவின் சொரூபத்தை என் படகில் ஏற்றிக் கடல்சுற்றுக்குக் கொண்டு போவேன் என்று. இரண்டு பேரும் பிழைத்தார்கள். திருநாள் சபையும் ஒத்துக்கொண்டது. அந்த வருடம் மாதா சவிரி அண்ணையின் படகில்.

அந்தத் திருநாளுக்கு நாலு மாதம் முந்தி, கரைக்கு வரும்போது அவருடைய படகு கடலுக்கடிக் கல்லுப் பாரில் ஒருமுறை இடித்திருந்தது. படகின் முன்முனையான அணியத்தின் வலப்பக்கம், நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு சாண் நீளத்தில் மயிரிழை வெடிப்பு. அப்போதே பட்டறைக்குக் கொண்டு வந்திருக்க வேண்டும். தொழில் நல்லாக இருந்த நேரம். அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்று, ஒரு மாதம் பொறுக்கலாமா என்று கேட்டார். நான் உள்ளே போய் ஒரு பேணி கெபி மெழுகை எடுத்து வந்து கொடுத்தேன். வெடிப்பில் அழுத்தித் தடவி வையுங்கோ, தண்ணீர் ஏறாது என்றேன்.

ஒரு மாதத்துக்குத் தண்ணீர் ஏறாதுதான். அது பொய் இல்லை. ஆனால் ஒரு மாதம் இரண்டாகி, இரண்டு நாலாகியது. அண்ணை ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து, சிலுவை அடையாளம் வரைந்து, அந்த வெடிப்பிலும் அதைச் சுற்றியும் மெழுகைத் தடவி வந்திருக்கிறார். பேணி முடிந்ததும் மனைவியை அனுப்பி இன்னொரு பேணி வாங்கிக்கொண்டார். நானும் கொடுத்தேன்.

திருநாளுக்கு மூன்று நாள் இருக்கத்தான் படகு பட்டறைக்கு வந்தது. கவிழ்த்துப் போட்டுப் பார்த்தேன். வெடிப்பு உள்பக்கம் வரை போயிருந்தது. அதற்குள் மெழுகு வெள்ளை நூல் மாதிரி இறுகிக் கிடந்தது. செய்ய வேண்டியது என்ன என்று எனக்கு நல்லாகத் தெரியும். சுற்றியுள்ள மெழுகு முழுவதையும் கழுவி எடுத்து, வெடிப்பைக் கிரைண்டரால் அகலமாக வெட்டித் திறந்து, காய விட்டு, படை படையாகக் கட்ட வேண்டும். அவசரப்படாமல் செய்தால் நாலு நாள்.

கிரைண்டரைக் கையில் எடுத்தேன். அண்ணை என் கையைப் பிடித்தார்.

"சூசை, உதுக்குள்ளை கிடக்கிறது கெபி மெழுகு. வெட்டி மண்ணிலை கொட்டப் போறியோ?"

"வெட்டினால்தான் அண்ணை பிடிக்கும்."

"நாலு மாதமா ஒரு சொட்டுத் தண்ணி ஏற விடாமல் காத்தது உதுதான். உதை எடுக்காதை. மேலாலை ஒட்டிவிடு. மிச்சத்தை மாதா பாத்துக்கொள்ளுவா."

நான் கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டேன்.

ஏன் வைத்தேன் என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். நாள் போதாது என்பது ஒன்று. அவர் என்னிலும் வயதுக்கு மூத்தவர், அந்த முகத்துக்கு மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை என்பது இன்னொன்று. ஆனால் உண்மைக் காரணம் அது இரண்டும் இல்லை. மெழுகை வெட்டி எறிந்தால், நான் கொடுத்தது பிழை என்று ஆகிவிடும். என் பேணிக்கு ஊரில் இருந்த பெயர் என் கையைப் பிடித்தது. அண்ணையின் கை அதற்கு ஒரு சாட்டு.

ஒரு துணியை அசிற்றோன் திரவத்தில் நனைத்து மேலால் துடைத்தேன். ஃபைபர் பாயில் இரண்டு படை வெட்டி, ரெசின் பசை பூசி ஒட்டினேன். காய்ந்ததும் மேலாலும் விளிம்புக்கும் வெள்ளை ஜெல்கோட் கொடுத்து, பொலிஷ் போட்டு, முழுப் படகுக்கும் மெழுகு பூசினேன். எங்கே ஒட்டியது என்று என் கண்ணுக்கே தெரியவில்லை. அண்ணை வந்து பார்த்து, நிற்குமோ என்று கேட்டார். கல்லு மாதிரி நிற்கும் என்றேன். படகு வீட்டுக்குப் போனது. போகிற வழியில் நின்று பார்க்காத ஆள் இல்லையாம்.

கடல்சுற்று திருநாளுக்கு முதல் நாள் பின்னேரம். அன்றைக்குப் பட்டறை அரை நேரம்தான். வீட்டுக்குப் போகுமுன் ஒரு புதுப் படகை அச்சிலிருந்து எடுத்துவிட வேண்டியிருந்தது. நானும் அந்தோனியும்தான் நின்றோம். அந்தோனி என்னோடு எட்டு வருடம் வேலை செய்தவன், உங்களில் சிலர் கண்டிருப்பீர்கள். விளிம்பில் மர ஆப்பை வைத்துத் தட்டி, இடைவெளியில் தண்ணீரை ஊற்றினோம். சுற்றி வர ஒரு தரம்கூடத் தட்டி முடிக்கவில்லை. "டொப்" என்று ஒரு சத்தத்தோடு முழுப் படகும் அச்சை விட்டு மேலே எழும்பியது.

அந்தோனி குனிந்து அச்சின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்துச் சொன்னான்: "நல்ல மெழுகு அண்ணை. ஒரு இடத்திலையும் பிடிக்கேல்லை."

நாங்கள் அச்சுக்கு ஏன் மெழுகு பூசுகிறோம்? ரெசின் பிடிக்கக் கூடாது என்றுதானே. இது பட்டறையில் முதல் நாளே சொல்லித் தருகிற விசயம். ஆயிரம் தரம் என் கையால் பூசியிருக்கிறேன். அதே கையால், மெழுகின் மேலே ரெசினைப் பூசிவிட்டுக் கல்லு மாதிரி நிற்கும் என்று சொல்லியிருக்கிறேன். அது தெரியாமல் செய்ததில்லை. பட்டறைக்காரன் சூசைக்குத் தெரியும். கெபிக்காரன் சூசை அவனைக் கதைக்க விடவில்லை.

நேரம் இரண்டரை. மூன்று மணிக்குப் படகு இறங்கும். சட்டை மாற்றவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு மிதித்தேன்.

வழி முழுக்கக் கணக்குப் பார்த்தபடியே போனேன். படகில் சொரூபம், பங்குச் சுவாமி, சவிரி அண்ணை, மருமகன், மடியில் பிள்ளையோடு மகள், பாட்டுக்குழுவில் ஐந்து பெண்கள். அந்த ஐவரில் என் மனைவி ஒருத்தி. இத்தனை பேர் ஏறினால் படகு அமிழும், வெடிப்பு நல்ல ஆழத்துக்குப் போகும். பாரில் வெட்டின வழியால் வெளியே போகும்போது அலை நேரே அணியத்தில்தான் அறையும். போகும்போது நிற்கலாம். திரும்பி வரும்போதும் நிற்கலாம். கழன்றாலும் கழலலாம். எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் பயம்.

கடற்கரையில் சனம் நிறைந்து நின்றது. படகைத் தண்ணீர் ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள். கடதாசிக் கொடியும் வண்ணத் துணியும் கட்டி, வெயிலில் கண் கூசுகிற மாதிரி மினுங்கியது. அண்ணையின் மகள் பிள்ளையோடு ஏறி உள்ளே இருந்தாள். சொரூபத்தை இனித்தான் தூக்க வேண்டும்.

என்னைக் கண்டதும் அண்ணை சிரித்தார். "வா சூசை. நல்ல உடுப்போடை வந்திருக்கலாமே. மாதாவுக்கு முன்னாலை உந்த ரெசின் சட்டையோடையோ?"

"இன்னும் ஒருக்கால் மினுக்க வந்திருக்கிறான் போலை" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர். சிரித்தார்கள்.

நான் மடியிலிருந்து ஒரு இரண்டு ரூபாய் நாணயக் குற்றியை எடுத்து, அணியத்தின் இடப்பக்கத்தைத் தட்டினேன். "ணங், ணங்" என்று கேட்டது. அது நல்ல உடம்பின் சத்தம். வலப்பக்கம் வந்து, நான் ஒட்டின இடத்தைத் தட்டினேன். "பொத், பொத்." வெறும் பெட்டியின் சத்தம். திரும்பவும் தட்டினேன். அதே சத்தம். சிரிப்பு நின்றுவிட்டது.

அண்ணை எனக்குக் கிட்ட வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"என்ன செய்யிறாய் சூசை? ஊரே பாத்துக்கொண்டு நிக்குது."

"அண்ணை, நான் ஒட்டினது பிடிக்கேல்லை."

"கல்லு மாதிரி நிக்கும் எண்டு நீதானே சொன்னனி."

"ஓம், சொன்னனான். பிழையாச் சொல்லிப்போட்டன். மெழுகிலை ரெசின் பிடிக்காது. தெரிஞ்சுகொண்டுதான் ஒட்டினனான்."

"உந்த மெழுகை ஆர் தந்தது?"

"நான்தான் தந்தனான்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. கோபம் கொஞ்சம்தான் இருந்தது அதில். தாய் பிள்ளை இரண்டு உயிருக்காக வைத்த நேர்த்தி. ஒரு வருடமாக இந்த ஒரு நாளுக்காகவே இருந்த மனிதர். கடைசியில் கேட்டார்: "என்ரை போட்டிலை மாதா ஏறக்கூடாது எண்டு ஆரும் உன்னட்டைச் சொல்லி விட்டவையோ?"

இடுப்பில் இருந்த கத்தியை எடுத்து, பிடியை அவர் பக்கம் திருப்பி நீட்டினேன்.

"நான் தொடமாட்டன் அண்ணை. நீங்களே விளிம்பிலை கத்தி நுனியை வையுங்கோ. பிடிச்சு நிண்டால், இனி இந்தக் கரையிலை ஒரு போட்டிலையும் நான் கை வைக்கமாட்டன்."

என் மனைவி பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்தபடி நிற்பதைக் கண்டேன். மாதாவே, பிடித்து நிற்கட்டும் என்று ஒரு மனம் கேட்டது. என் பிழைப்புப் போனாலும் பரவாயில்லை, இந்த மனிதரின் நேர்த்தி நிறைவேறட்டும் என்று. கழலட்டும் என்று இன்னொரு மனம் கேட்டது. இரண்டும் செபம்தான். எது பெரிய செபம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அண்ணை கத்தியை வாங்கினார். விளிம்பு ஜெல்கோட்டில் நுனியை வைத்து அழுத்தினார். மெல்லிய சத்தத்தோடு ஜெல்கோட் உடைந்தது. கத்தியைக் கொஞ்சம் நெம்பினார். அவ்வளவுதான். முழுத் துண்டும் அவித்த முட்டையின் கோது மாதிரிக் கழன்று அவருடைய கையில் வந்து இருந்தது. கீழே வெடிப்பு, அதற்குள் வெள்ளை மெழுகு, ஒரு மாற்றமும் இல்லாமல் அப்படியே கிடந்தது.

அண்ணை கையில் இருந்ததைப் பார்த்தார். பிறகு திரும்பி மகளைப் பார்த்தார். "இறங்கு பிள்ளை" என்றார். பேரனை அவரே கையை நீட்டி வாங்கினார்.

பிறகு நடந்தது சுருக்கம். பக்கத்தில் நின்ற வேறொரு படகில் சொரூபத்தை ஏற்றினார்கள். சுவாமி அண்ணையின் தோளைத் தொட்டு, வாங்கோ, மாதாவுக்குப் பக்கத்தில் நீங்கள்தான் இருக்க வேணும் என்றார். அண்ணை தலையை ஆட்டி மறுத்தார். தன் படகோடேயே நின்றார். நானும் போகவில்லை. போக முகம் இல்லை. இரண்டு பேரும் அந்தப் படகின் இரண்டு பக்கத்திலும் நின்றோம். பாட்டு மெல்ல மெல்லத் தூரப் போனது. பாருக்கு வெளியே போய், கடலில் இறந்துபோனவர்களுக்காக மலர்வளையம் விட்டு, அவர்கள் திரும்ப ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது.

வரும்போது காற்று எழும்பியிருந்தது. அலையில் படகு திரும்பிவிடாமல் இரண்டு பக்கமும் பிடித்துக் கரைக்கு இழுக்க ஆட்கள் வேண்டும். சவிரி அண்ணை வேட்டியை மடித்துக் கட்டினார். ஒருவரும் கூப்பிடவில்லை. நெஞ்சளவு தண்ணீருக்குள் இறங்கிப் போய், சொரூபம் இருந்த பக்கம் அணியத்துக்குத் தோளைக் கொடுத்தார். மற்றப் பக்கத்துக்கு நான் போனேன். அலை தலைக்கு மேலால் அடித்தது. விடவில்லை. கரை மணலில் அணியம் முட்டுமட்டும் அந்தத் தோளை அவர் எடுக்கவில்லை.

மணலில் இருந்து மூச்சு வாங்கும்போதுதான் முதல் தரம் என்னைப் பார்த்துக் கதைத்தார். "என்ரை போட்டிலை ஏறேல்லை. என்ரை தோளிலை வந்திட்டா" என்றார். வேட்டியைப் பிழிந்துகொண்டே, "நாளைக்குப் பூசை முடிய வந்து உந்த வெடிப்பைப் பார்" என்றார்.

அந்த வாரமே நான் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். தெரிந்துகொண்டு பிழையான வேலை செய்தேன், மாதாவின் பெயரைச் சொல்லி அதை மூடினேன் என்று சொன்னேன். கெபி துப்பரவு செய்கிறதை விட்டுவிடட்டோ என்றும் கேட்டேன். விடக்கூடாது, சுரண்டுகிற மெழுகைத் திருப்பித் திரியாக வார்த்துக் கெபியிலேயே வை, அதுதான் உனக்குத் தண்டனை என்றார் சுவாமி. இன்றைக்கும் அதைத்தான் செய்கிறேன். தண்டனை எப்போது முடியும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அண்ணையின் படகை ஐந்து நாள் எடுத்துச் செய்தேன். சுற்றியிருந்த மெழுகை முதலில் கழுவி எடுத்தேன். கழுவாமல் தேய்த்தால் மெழுகு கீறலுக்குள் இறங்கிவிடும், இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெடிப்புக்குள் கிடந்ததைக் கூரிய கத்தியால் சுரண்டி ஒரு கடதாசியில் சேர்த்தேன். அண்ணை அதை மடித்து வாங்கிப் போய்க் கெபி விளக்கில் போட்டார். பிறகு கிரைண்டரை எடுத்தேன். இந்தமுறை அவர் என் கையைப் பிடிக்கவில்லை. பக்கத்தில் குந்தியிருந்து, கடைசி வரையும் வெட்டுகிறதைப் பார்த்தார். வெட்டினது நல்லாக அகலம் என்று பட்டால் மட்டும், "காணும், காணும், வள்ளத்தையே திண்டுபோடாதை" என்பார். அடுத்த வருடத் திருநாளுக்கு மாதா அவருடைய படகில்தான் போனார். இறங்குமுன் அவரே தன்னுடைய குற்றியால் ஒரு தரம் தட்டிப் பார்த்தார். எனக்குக் காட்டவேண்டும் என்றுதான், கொஞ்சம் பலமாகவே.

வேலை முடிந்து படகை எடுக்க வந்த அன்று, அண்ணை தான் கொண்டுவந்த பைக்குள்ளிருந்து அந்தக் கழன்ற துண்டை எடுத்தார். மேசையிலிருந்த துரப்பணத்தால் தானே அதில் ஒரு துளை போட்டார். வாசல் நிலையில் ஒரு ஆணி அடித்து அதைத் தொங்கவிட்டார்.

"இதை எறிஞ்சுபோடாதை சூசை. ஆரும் அவசரமெண்டு வந்து நிண்டால், முதல் இதைப் பார். பிறகு அவையின்ரை முகத்தைப் பார்."

அவர் இப்போது இல்லை. அவருடைய பேரன் மோட்டார் திருத்தப் படித்துக்கொண்டிருக்கிறான். நான் ஓய்வு பெற்ற அன்று, ஞாபகத்துக்கு எடுத்துப் போங்கோ என்று முதலாளி அந்தத் துண்டைக் கழற்றித் தந்தார். திருப்பி ஆணியிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

உங்களிடமும் ஆட்கள் அவசரமாக வந்து நிற்பார்கள். நல்லவர்கள் வருவார்கள். உங்களுக்கு மறுத்துச் சொல்ல முடியாதவர்கள் வருவார்கள். ஒருவர் நேர்த்தியைச் சொல்வார், இன்னொருவர் மகளின் கலியாணத்தைச் சொல்வார். எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். மேலால் ஒன்றைப் பூசிவிடச் சொல்வார்கள். பூசினால் மினுங்கும், எல்லாருக்கும் சந்தோசமாக இருக்கும். அந்த நேரத்தில் ஆண்டவரை நினையுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் நினைக்கிறேன். ஆனால் எங்கள் கைக்குத் தந்த வேலையை அவருடைய கையில் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

தங்கச்சி, அந்தத் துண்டின் வெளிப்பக்கத்துக்கு நீ போட்ட பொலிஷ் நல்லாக இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். நாளைக்கு வேலை தொடங்க முந்தி எல்லாரும் சேர்ந்து அதை ஆணியிலிருந்து கழற்றி, உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். உண்மையாகப் பிடித்த ஒட்டைப் பிரித்தால், ஃபைபர் நூல் நூலாகக் கிழிந்து, கை வைக்க முடியாத கரடாக இருக்கும். இது அப்படி இல்லை. நீ ஒரு நாளும் தொடாத, மெழுகில் பிடிக்காமல் கிடந்த அந்தப் பக்கம், நீ மினுக்கின பக்கத்தை விடவும் வழுவழுப்பாக இருக்கும். விரலால் தடவிப் பாருங்கள். அதுதான் என் கை செய்த வேலை.